கொத்தமல்லிச் சாறு ஈயத்தை இறக்குமா?

கேள்வி: என் கணவர் பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறார். அடிக்கடி வயிற்றுவலி, மலச்சிக்கல், கை கால் அசதி. ரத்தத்தில் ஈயம் 46 என்று வந்தது. பயந்துபோய் நான்கு வயது மகனுக்கும் பார்த்தோம், 17. அப்பா பைக் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் டேங்க் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறவன் அவன். மருத்துவர் இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்து, "வேலையை மாற்றுங்கள், ஒரு மாதம் கழித்து வாருங்கள்" என்கிறார். விஷத்தை எடுக்க மருந்து தரவில்லை. கொத்தமல்லிச் சாறு, பூண்டு, மஞ்சள் எல்லாம் உலோகத்தை இழுத்து வெளியேற்றும் என்று என் பெரியப்பா சொல்கிறார். கந்தகம் சேர்ந்த ஒரு டீடாக்ஸ் பொடியும் ஆன்லைனில் வரவழைத்துக் கொடுத்திருக்கிறார். பையனுக்குக் கொடுக்கலாமா? அவர் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வருகிறது.
– ஒரு வாசகி, கோவை மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொடியைப் பையனுக்குக் கொடுக்காதீர்கள். கணவரும் சாப்பிட வேண்டாம். கொத்தமல்லியும் பூண்டும் மஞ்சளும் எப்போதும்போலக் குழம்பில் இருக்கட்டும், அதற்கு ஒரு தடையும் இல்லை. உங்கள் மருத்துவர் சொன்னது சரியான ஆலோசனை. காரணத்தை விளக்க அவருக்கு நேரம் இல்லாமல் போயிருக்கலாம். அதை நான் செய்கிறேன்.

46 என்றால் 100 மில்லி ரத்தத்தில் 46 மைக்ரோகிராம் ஈயம். நம் உடம்புக்கு ஈயத்தால் ஆகும் வேலை ஒன்றுகூட இல்லை. அதனால் இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு கணக்கும் கிடையாது. 5-ஐ எட்டினாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி அதை நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக இரண்டு எண்களுமே அலட்சியம் செய்யக் கூடாதவை. ஆனால் இரண்டுமே திரும்பி வரக்கூடிய இடத்தில்தான் இருக்கின்றன. இதை நம்பிக்கையோடு சொல்கிறேன்.

மகனுடைய 17 எப்படி வந்தது என்பதற்கு விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அந்த பைக் டேங்க். பட்டறையில் தகட்டை உடைக்கும்போது பறக்கும் சாம்பல் நிறத் தூசி சட்டைத் தையலிலும் தலைமுடியிலும் செருப்பின் அடியிலும் உட்கார்ந்து வீடு வரை வருகிறது. டேங்கின் மேலும் படிகிறது. பையன் அங்கே கை வைக்கிறான், அதே கையால் முறுக்கு தின்கிறான். பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேரும். சின்னக் குழந்தைக்குப் பாதி வரை சேர்ந்துவிடும். செனகல் நாட்டில் டாக்கர் நகரை ஒட்டிய தியாரோயில் பேட்டரி ஈயம் எடுக்கும் தொழில் குடியிருப்புக்குள்ளேயே நடந்தது. 2007 கடைசியிலிருந்து 2008 தொடக்கத்துக்குள் அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள். உங்கள் மகன் அந்த நிலைக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் தூசிதான் பாதை என்பதை அந்த ஊர் உலகத்துக்கே காட்டிக் கொடுத்தது.

சரி, விஷத்தை எடுக்கும் மருந்து என்று ஒன்று இருக்கிறதே, அதை ஏன் தரவில்லை? இருக்கிறது. டி.எம்.எஸ்.ஏ. என்று ஒரு மாத்திரை, இ.டி.டி.ஏ. என்று ஓர் ஊசி மருந்து. பிளஸ் டூ வேதியியலில் கொடுக்கிணைப்பு என்று படித்திருப்பீர்கள், நண்டின் கொடுக்கு போல இரண்டு பக்கமும் பிடிப்பது. டி.எம்.எஸ்.ஏ. மூலக்கூறில் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த இரண்டு கைகள் உண்டு. ஈயத்துக்குக் கந்தகத்தின் மேல் தீராத ஈர்ப்பு. அந்தக் கைகள் ஈயத்தைக் கவ்விக்கொள்ள, சிறுநீரகம் அதை வெளியே தள்ளுகிறது.

குழந்தைகளுக்கு இதை 45-ஐத் தொட்டால் கொடுக்கிறோம். 17-க்குக் கொடுப்பதில்லை. அமெரிக்காவில் 20 முதல் 44 வரை ஈயம் இருந்த 780 குழந்தைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்கு ரத்த ஈயம் வேகமாக இறங்கியது. மூன்று வருடம் கழித்து அறிவுத்திறனை அளந்தபோது, மருந்து சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. 2001-ல் வந்த அந்த முடிவு எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய பாடம். எண் இறங்கினால் குழந்தை தேறிவிட்டது என்று அர்த்தமில்லை.

பெரியவர்களின் உடம்பில் இருக்கும் ஈயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில்தான் போய் அடைகிறது. கால்சியம் என்று நினைத்து எலும்பு அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். ரத்தத்தில் இருக்கும் ஈயம் ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்பில் இருப்பது பாதியாகப் பல வருடங்கள் ஆகும், இருபது வருடத்துக்கு மேல்கூட. ரத்தத்தை மட்டும் சுத்தம் செய்தால் எலும்பிலிருந்து மறுபடி ஊறி வரும். பட்டறைக்குப் போய்க்கொண்டே மருந்து சாப்பிடுவது இன்னும் ஆபத்து. எண் குறைந்த தைரியத்தில் தூசிக்குள் நிற்பார். இந்த மருந்துகளுக்கும் பின்விளைவு உண்டு. இ.டி.டி.ஏ. இரண்டு வகை. ஒன்றில் கால்சியம் இருக்கும், மற்றதில் இருக்காது. கால்சியம் இல்லாதது உடம்பின் கால்சியத்தைப் பிடுங்கி இதயத்தை நிறுத்திவிடும். 2003 முதல் 2005 வரையிலான காலத்தில் அமெரிக்காவில் இப்படி மூன்று பேர் இறந்தார்கள், அதில் இருவர் குழந்தைகள். ஆகவே எங்காவது டிரிப்ஸ் போட்டு டீடாக்ஸ் செய்கிறோம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

இப்போது பெரியப்பா சொன்னதற்கு வருகிறேன். அவர் பேச்சில் அடிப்படை இல்லாமல் இல்லை. இயற்கைப் பொருளிலிருந்து உலோகத்தை எடுக்கும் மருந்து வருமா என்று கேட்டால், ஏற்கனவே வந்திருக்கிறது. தலசீமியா குழந்தைகளுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றி உடம்பில் இரும்பு மிதமிஞ்சிப் போகும். அதை வெளியேற்றும் டெஃபராக்சமைன், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் தனக்கு இரும்பு பிடிக்கச் சுரக்கும் பொருள். பெனிசிலினின் ஒரு துண்டுதான் பெனிசிலமைன். ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1956-ல் அதை வில்சன் நோயில் சேரும் தாமிரத்தை வெளியேற்றப் பயன்படுத்தினார். இயற்கை என்பதற்காக அவை மருந்தாகவில்லை. எவ்வளவு கொடுப்பது, உடம்பில் எங்கே போகிறது, உலோகத்தைப் பிடித்தபின் எப்படி வெளியேறுகிறது, யாருக்குக் கெடுதல் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தபின் மருந்தாயின.

உங்கள் பட்டியலில் அந்தப் பாதையில் கொஞ்ச தூரம் வந்திருப்பது பூண்டு. ஈரானில் கார் பேட்டரித் தொழிற்சாலை ஊழியர்கள் 117 பேரிடம் நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்குப் பூண்டு மாத்திரை தினம் மூன்று வேளை, மற்றவர்களுக்குப் பெனிசிலமைன், நான்கு வாரம். இரண்டு பிரிவிலும் ஈயம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இறங்கியது. பூண்டு சாப்பிட்டவர்களுக்கு ஏறக்குறைய 43-லிருந்து 35-க்கு வந்தது. பூண்டில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் ஈயத்தைப் பிடிக்கலாம் என்ற யோசனைக்கு இது பலம் சேர்க்கிறது. எனக்கே இதில் ஆர்வம் உண்டு. ஆனால் எதுவுமே கொடுக்காத மூன்றாவது பிரிவு அந்த ஆய்வில் இல்லை. எதையும் சாப்பிடாமல் இருந்திருந்தால் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அவர்கள் சாப்பிட்டது அளவு கட்டிய மாத்திரை, அவர்கள் பெரியவர்கள். அதை எடுத்து நான்கு வயதுப் பிள்ளைக்குப் பச்சைப் பூண்டை அரைத்துக் கொடுத்தால் வயிறு எரிந்து அழுவான், அவ்வளவுதான் நடக்கும்.

கொத்தமல்லியின் புகழ் 1990-களில் தொடங்கியது. யோஷியாகி ஒமுரா என்ற மருத்துவர், கொத்தமல்லி உடம்பிலிருந்து பாதரசத்தை வெளியேற்ற உதவுகிறது என்று எழுதினார். அவர் பார்த்தது மிகச் சிலரைத்தான். ஆனாலும் அங்கிருந்து அது ஊர் ஊராகப் பரவிவிட்டது. தழையைக் காயவைத்துப் பொடித்து ஈயம் கலந்த தண்ணீரில் போட்டால் ஈயத்தை ஓரளவு உறிஞ்சுவது உண்மைதான். பல தாவரங்களின் நார் அதைச் செய்யும். ஆனால் டம்ளரில் நடப்பது ரத்தத்தில் நடப்பதில்லை. சாறு குடலில் செரித்துப்போகிறது. ஈயம் இருப்பது எலும்பில். இவை இரண்டும் சந்திக்கவே இல்லை. ஈரானிலேயே 3 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்குக் கொத்தமல்லிச் சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். சாரம் குடித்தவர்களுக்கும் வெறும் போலி மருந்து குடித்தவர்களுக்கும் ஒரே மாதிரிதான் ஈயம் குறைந்தது. ஆய்வுக் காலத்தில் வீட்டார் கவனமாக இருந்ததும் சாப்பாடு மாறியதும் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

மஞ்சளில் இருக்கும் குர்குமின் பற்றி எலிகளிடம் நிறைய வேலை நடந்திருக்கிறது. ஈயத்தையும் குர்குமினையும் சேர்த்துக் கொடுத்த எலிகளின் ஈரல், சிறுநீரகம், மூளையில் சேதம் குறைவாக இருந்தது. ஈயம், செல்களைக் காக்க உடம்பே வைத்திருக்கும் குளூட்டதையோன் என்ற பொருளைக் காலி செய்து செல்களை அரிக்கிறது. குர்குமின் போன்றவை அந்த அரிப்பைத் தடுக்கலாம் என்பது தர்க்கத்துக்குப் பொருந்துகிறது. நம் உடம்பில் சிக்கல் என்னவென்றால், குர்குமின் குடலைத் தாண்டி ரத்தத்தில் சேருவதே சொற்பம். சேர்ந்ததையும் கல்லீரல் சீக்கிரமே மாற்றிவிடும். எலிக்கு எடைக்கு எடை கொடுத்த அளவை ஒரு மனிதர் மஞ்சள் பாலில் குடித்துத் தீர்க்க முடியாது.

அதைவிட முக்கியமாக ஒன்று. மஞ்சளிலேயே ஈயம் இருக்கலாம். விரலி மஞ்சள் பளபளவென்று தெரிவதற்காக லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைத் தேய்க்கும் பழக்கம் நம் துணைக்கண்டத்தில் உண்டு. வங்கதேசத்தில் 2019-ல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு சந்தைகளில் சோதனை போட்டு, அபராதம் விதித்து, எச்சரிக்கை ஒட்டியதில் 2021-ல் அது பூஜ்யத்துக்கு வந்தது. மனது வைத்தால் முடியும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நீங்கள் மங்கலாக, மண் ஒட்டினாற்போல இருக்கும் விரலி மஞ்சளை வாங்கிக் கழுவி, காயவைத்து அரைத்துக்கொள்ளுங்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சளை விட்டுவிடுங்கள்.

அந்தப் பொடிக்கு வருகிறேன். கந்தகம் இருப்பதால் ஈயத்தை இழுக்கும் என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். டி.எம்.எஸ்.ஏ.வில் இருக்கும் கந்தகமும் தீப்பெட்டி மருந்தில் இருக்கும் கந்தகமும் ஒன்றல்ல. ஈயத்தைப் பிடிப்பது கந்தகம் எந்த மூலக்கூறில் எப்படி அமர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதுகூடப் பெரிய விஷயமில்லை, என் பயம் வேறு. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வாங்கிச் சோதித்து 2008-ல் வெளியிட்டார்கள். ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயத்தை எடுக்க வாங்கிய பொடியிலேயே ஈயம் இருந்தால் அந்தப் பிள்ளை எங்கே போவான்? பற்பம், செந்தூரங்களை முறைப்படி முடிக்கும் சித்த மருத்துவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஏற்கனவே உலோகம் ஏறிய உடம்புக்கு உலோகம் சேர்ந்த எந்த மருந்தும் இப்போது வேண்டாம். பெரியப்பா மனம் நோகாமல் அவரிடம் சொல்லுங்கள், அவரும் பேரன் மேல் பாசத்தில்தான் வாங்கினார். பொடியைத் தூக்கிப் போடாமல் டப்பாவோடு மருத்துவரிடம் காட்டுங்கள். யாராவது கொஞ்சம் சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்த மருத்துவர் எழுதிய சத்து மாத்திரைகளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். குடலில் இரும்புக்கென்று ஒரு வாசல் உண்டு, ஈயமும் அதே வாசல் வழியாகத்தான் நுழைகிறது. உடம்பில் இரும்பு குறைந்தால் அந்த வாசல் அகலத் திறக்கும். இரத்தச்சோகை உள்ள குழந்தை அதே தூசியிலிருந்து கூடுதலாக ஈயத்தை வாங்கிக்கொள்வதற்குக் காரணம் இதுதான். கால்சியத்துக்கும் இதே கதை. இயற்கையான வழி வேண்டும் என்று கேட்டீர்கள். சாப்பாட்டில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருப்பது இந்த இடத்தில்தான். கேழ்வரகுக் கூழ், மோர், பால், முட்டை, முருங்கைக்கீரைப் பொரியல், கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ. அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் ஈரலும், முள்ளோடு மெல்லும் நெத்திலியும். சாப்பாட்டோடு டீ வேண்டாம், அது இரும்பைக் கெடுக்கும். வெறும் வயிற்றில் ஈயம் அதிகம் உறிஞ்சப்படும். அதனால் பையன் காலையில் சாப்பிட்ட பிறகு விளையாடப் போகட்டும், கணவரும் பசியோடு வேலையில் நிற்க வேண்டாம். பட்டறைகளில் வெல்லமும் வாழைப்பழமும் கொடுத்துவிட்டால் தூசி ஒன்றும் செய்யாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நல்ல தின்பண்டம்தான், ஆனால் முகமூடிக்கு அது ஈடாகாது. அதுவும் ஈயக் கையோடு தின்றால் தீமையே.

வீட்டில் ரசம் வைக்க ஈயச் சொம்பு இருக்கிறதா? நல்ல ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது, அது வேறு உலோகம், அதில் பயமில்லை. மலிவுக்காகக் காரீயத்தை, அதாவது நாம் இதுவரை பேசிய ஈயத்தைக் கலந்துவிட்டால், கொதிக்கும் புளித்தண்ணீர் அதைக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும். கண்ணால் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்துக்கும் இதே சந்தேகம் உண்டு. இந்த வீட்டில் எண் இறங்கும்வரை ரசத்தைச் சில்வர் பாத்திரத்திலேயே வையுங்கள்.

இனி முக்கியமான வேலை. இன்று சாயங்காலத்திலிருந்து கணவர் பட்டறை உடையோடு வாசலைத் தாண்டக் கூடாது. அங்கேயே தலைக்குக் குளித்து, வேறு உடை, வேறு செருப்போடு வருவது உத்தமம். முடியாவிட்டால் வீட்டுக்குப் பின்பக்கம் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். பைக்கை ஈரத்துணியால் துடைத்தபின் அவனை டேங்க் மேல் ஏற்றுங்கள். அந்தச் சந்தோஷத்தை அவனிடமிருந்து பிடுங்க வேண்டாம், அரை மணி நேரம் தள்ளிவைத்தால் போதும். டிபன் கேரியர் பை, செல்போன், தலைக்கவசத்தின் உள்பட்டை, இவற்றையும் துடையுங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பிப் பாயில் உட்காரும். அதனால் சோப்புத் தண்ணீர் தொட்டு ஈரமாகத் துடையுங்கள். பையனுக்குச் சாப்பாட்டுக்கு முன்னும் தூங்கும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

என்னிடம் வந்த ஒரு தொழிலாளி நினைவுக்கு வருகிறார். மூன்று மாதம் விடாமல் தினமும் காலையில் கொத்தமல்லிச் சாறு குடித்தார். பிறகு பார்த்தால் எண் கூடியிருந்தது. அவர் ஈறைப் பார்த்தேன். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டது போல நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு வரி. சாறு குடித்தபின் உலைக்குப் போய், பகலில் அதே கையால் வெற்றிலை மடித்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உலையை விட்டு வேறு வேலைக்கு மாறிய பிறகுதான், மருந்தே இல்லாமல், மாதா மாதம் இறங்கத் தொடங்கியது.

வேலையை மாற்றுங்கள் என்று சொல்வது சுலபம், அடுப்பு எரிய வேண்டுமே என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. முதல் கட்டமாக உலையையும் உடைக்கிற இடத்தையும் விட்டு, ஏற்றி இறக்கும் வேலைக்கோ வண்டி ஓட்டும் வேலைக்கோ மாற்றிக் கேட்கட்டும். மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போகட்டும். 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம் அறிவிக்க வேண்டிய நோய்களை வரிசைப்படுத்தியபோது முதலில் வைத்ததே ஈய நஞ்சைத்தான். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் தொழில்வழி நோய் என்ற முறையில் சிகிச்சையும் உதவியும் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அவருடைய வயிற்றுவலியும் அசதியும் ஈயத்தின் அறிகுறிகளாகவே இருக்கலாம். ஆகவே ஒரு மாதம் காத்திருக்காமல் இந்த வாரமே ஒரு பொது மருத்துவரிடம் இரத்தச்சோகை, சிறுநீரகம், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். மணிக்கட்டு தொங்கினாலோ, தாங்க முடியாத வயிற்றுவலியோ குழப்பமோ வலிப்போ வந்தாலோ உடனே பெரிய மருத்துவமனை. பையனுக்கு ஒரு மாதம் கழித்து நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்தால், தோலில் ஒட்டிய தூசி எண்ணைக் கூட்டிக் காட்டும். பேச்சு, கவனம், வளர்ச்சி இவற்றையும் குழந்தை மருத்துவர் பார்க்கட்டும்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். கணவருடைய எண்ணை எழுதினீர்கள், மகனுடைய எண்ணை எழுதினீர்கள். உங்கள் எண் கடிதத்தில் இல்லை. அந்தச் சட்டையை உதறித் துவைப்பது நீங்கள்தான். உதறும்போது கிளம்பும் தூசி முதலில் உங்கள் மூக்குக்குள்தான் போகிறது. இனி உதறாதீர்கள். வாளித் தண்ணீரில் அப்படியே அமிழ்த்தி ஊறவிட்டு, மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். இன்னொரு குழந்தை பற்றிய யோசனை இருந்தால் உங்களுக்குப் பார்ப்பது இன்னும் அவசியம், கர்ப்ப காலத்தில் எலும்பு கரையும்போது அதிலுள்ள ஈயமும் சேர்ந்து பிள்ளைக்குப் போகும். அடுத்த முறை பையனைக் கூட்டிப் போகும்போது உங்கள் ரத்தத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள். மூன்று எண்களையும் எனக்கு எழுதுங்கள்.